பதினான்காவது ஃபைலில் இருந்த பெயர்

மார்ச் 3, திங்கள்

எங்கள் களப்பணியாளர் சகாயம் அண்ணன் காலையில் வந்து பென்டிரைவை என் மேசைமேல் வைத்தார். இருபத்தாறு பெண்களின் வாக்குமூலம் அதில் இருக்கிறது. எல்லோரும் அந்த நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள், சிலர் இன்னும் பார்ப்பவர்கள். இரண்டு மாதம் பைக்கில் ஊர் ஊராக அலைந்து பதிவு செய்திருக்கிறார். மனிதர் கறுத்தே போய்விட்டார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மில் ஹாஸ்டலில் பவுனுத்தாய் என்கிற பதினேழு வயதுப் பெண் செத்துப்போனாள். அவளுடைய அம்மா ஏறி இறங்காத படியில்லை. இப்போதுதான் ஒரு விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். தொழிலாளர் உரிமைக்காக வேலை செய்யும் எங்கள் அலுவலகம் வாக்குமூலங்களைத் தொகுத்து அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பிரதி மில்லுக்கும் போகும். அதனால் நிஜப் பெயர் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது.

அலுவலகத் தலைவி ஜெசிந்தா மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இந்திராணி, ஒரு பேரு தப்பி வெளிய போச்சுன்னாலும் அந்தப் புள்ள கதி அதோகதிதான். எத்தனை தடவ வேணா பாரு. அவசரப்படாத."

சரி மேடம் என்றேன். தட்டச்சு செய்வது, பெயர்களைத் தானாக மாற்றும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதுவது, சரிபார்ப்பது எல்லாம் என் தலையில். இந்த அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எத்தனையோ மில், எத்தனையோ கம்பெனி பார்த்தாகிவிட்டது. இந்த மில்தானா வர வேண்டும்?

கேஸ் தீர்ந்துவிட்டது. ராத்திரிக்குப் பன்னும் டீயும்.

மார்ச் 4, செவ்வாய்

பதினோரு வாக்குமூலம் தட்டச்சு முடிந்தது. ஹெட்போனைக் கழற்றினாலும் காதுக்குள் மிஷின் இரைச்சல் கேட்கிறது. எட்டாவதில் அந்தப் பெண் இருமுகிறாள், "சாப்பாட்டுக்கு..." என்கிறாள், அதோடு வண்டிச் சத்தம் அமுக்கிவிடுகிறது. நான் "இருபது நிமிடம்" என்று அடித்துவிட்டேன்.

மேடம் பார்த்துவிட்டு, "இது ஆடியோல தெளிவாவே இல்லையே, ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"ரெண்டு மூணு தடவ கேட்டேன் மேடம்."

நல்லவேளை, அதற்கு மேல் கேட்கவில்லை. ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

ஸ்கிரிப்ட் எழுதினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இடப்பக்கம் நிஜப் பெயர், வலப்பக்கம் புதுப் பெயர் என்று ஒரு பட்டியல். ஃபைலைத் திற, இடப்பக்கப் பெயரைத் தேடு, கண்ட இடத்திலெல்லாம் வலப்பக்கப் பெயரைப் போடு. அவ்வளவுதான். ஓட்டினேன், ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. பெருமையாக டீ குடித்துவிட்டு வந்து ஃபைலைத் திறந்தால் அத்தனை நிஜப் பெயரும் குத்துக்கல்லாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது!

பக்கத்து மேசை இர்ஃபான் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். சிரிக்கிற நேரமா இது?

"இந்து, ரீப்ளேஸ் பண்ணா பழைய ஸ்ட்ரிங், அதான் அந்த எழுத்து வரி, மாறவே மாறாது. மாத்தினதைப் புதுசா ஒண்ணா உன் கையில குடுக்கும். நீ அதை வாங்கி வைக்கவே இல்ல. பழசையே திரும்ப எழுதிட்டே."

இது முதல் பாடத்தில் வருவது. எனக்குத் தெரியாததா? பதற்றத்தில் விட்டுவிட்டேன். அப்படியே அனுப்பியிருந்தால்?

மார்ச் 6, வியாழன்

இன்றைக்கு அதைவிடப் பெரிய கூத்து. புதுப் பெயர்கள் ரேண்டமாக விழுந்ததில் பேச்சிக்கனிக்கு மாரிச்செல்வி விழுந்திருந்தது. நிஜமாகவே ஒரு மாரிச்செல்வி இருக்கிறாள், அவளுக்கு ராமலட்சுமி விழுந்திருந்தது. ஸ்கிரிப்ட் வரிசையாகப் போகும். முதலில் பேச்சிக்கனி மாரிச்செல்வி ஆனாள், அடுத்த வரியில் பழைய மாரிச்செல்வி, புது மாரிச்செல்வி இரண்டு பேருமே ராமலட்சுமி ஆகிவிட்டார்கள். வாக்குமூலத்தில் அடித்தவளும் அடிபட்டவளும் ஒரே ஆளாக நிற்கிறார்கள்.

இர்ஃபான்தான் வழி சொன்னான். முதல் சுற்றில் நிஜப் பெயரையெல்லாம் எண்ணாக மாற்று. நிஜப் பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை என்று ஆனபிறகு, இரண்டாம் சுற்றில் எண்ணைப் புதுப் பெயராக மாற்று. ஒன்றோடு ஒன்று மோதாது.

"அது சரி, புதுப் பேரு லிஸ்ட்டை எங்கிருந்து புடிச்சே? எல்லாம் அச்சு அசலா தெக்கத்திப் பேரா இருக்கு."

"எங்க ஊருப் பக்கத்துப் பேருதானே. ஞாபகத்துல இருந்து எழுதினேன்."

"எதுக்கும் வாக்குமூலம் குடுத்தவங்க பேரு எதுவும் அதுல இல்லாமப் பாத்துக்கோ."

ஒப்பிட ஒரு வரி சேர்த்தேன். மோதிய மூன்று பெயரைத் தூக்கிவிட்டு வேறு போட்டேன். இப்போது மோதல் பூஜ்ஜியம் என்று காட்டுகிறது. மனசு கொஞ்சம் ஆறியது.

கேஸ் வந்துவிட்டது. ரசம் வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

அறிக்கை போய்விட்டது. அனுப்பும் முன் ஸ்கிரிப்டைக் கடைசியாக ஓட்டியபோது "ஃபைல்கள்: 27" என்று காட்டியது.

"இருபத்தாறுதானே?" என்றான் இர்ஃபான்.

"ஒருத்தர் ரெண்டு தடவையா பேசியிருந்தாங்க. பிரிச்சுப் போட்டேன்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். மேடம் கையெழுத்துப் போட்டு, உறையை அரக்கு வைத்து ஒட்டினார். நிஜப் பெயர்ப் பட்டியல் மேடத்தின் பீரோவில் இருக்கிறது.

மார்ச் 8, சனி

துணி துவைத்தேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

மார்ச் 12, புதன்

மதியம் சகாயம் அண்ணன் போன். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், மில்லுல ஒரு பொண்ணக் கூப்பிட்டு மேனேஜர் ரூம்ல வெச்சு விசாரிக்கிறாங்களாம். கேன்டீன்ல சமைக்கிற பொண்ணு. அழகுநாச்சின்னு பேரு. நம்ம அறிக்கையில பதினாலாவதா அந்தப் பேரு வருதாமே? நான் அந்தப் பொண்ணப் பாத்ததே இல்ல மேடம். சத்தியமா பாத்ததே இல்ல."

என் கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்துவிட்டது. இர்ஃபான் துடைத்தான்.

அவள் எப்படி அங்கே இருப்பாள்? ஒன்பது வருடத்துக்கு முன்னாலேயே தகரப் பெட்டியோடு அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்களே. மூணாறு பக்கம் கட்டிக்கொடுத்ததாகத்தானே கேள்விப்பட்டேன். திரும்ப எப்போது வந்தாள்? எதற்கு வந்தாள்?

மார்ச் 13, வியாழன்

பட்டியலில் இருந்து பெயர் ரேண்டமாகத்தான் விழும். சீட்டைக் கலைப்பது மாதிரி கலைத்துப்போட ஷஃபிள் என்று ஒரு வரி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாரிச்செல்வி விழுந்த மாதிரி அழகுநாச்சியும் விழுந்துவிட்டது. வாக்குமூலம் கொடுத்தவர்கள் பெயரோடு ஒப்பிட்டேன். பேசாமல் இருப்பவர்கள் பெயரோடும் ஒப்பிட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மேடம் பீரோவைத் திறந்து நிஜப் பெயர்ப் பட்டியலை எடுத்தார். விரலை வைத்துக்கொண்டே மேலிருந்து கீழே வந்தார். பதின்மூன்று இருக்கிறது, பதினைந்து இருக்கிறது.

"பதினாலு எங்கம்மா?"

"பிரின்ட்ல விட்டுப்போயிருக்கும் மேடம். கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்றேன்."

இரண்டு மணி நேரம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"பெயர்கள் மாற்றப்பட்டவை என்று முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கோமே மேடம், அப்புறம் ஏன் அந்தப் பொண்ணக் கூப்பிட்டாங்க?" என்று இர்ஃபான் கேட்டான்.

"பேரு மட்டும் இல்லப்பா. அதுல வர்ற சம்பவமும் அந்தப் பொண்ணோடதுதானாம். அஞ்சு பேரக் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்டாங்க, நான் ஒருத்தி மட்டும் போடலன்னு வருதுல்ல? அன்னிக்குக் கையெழுத்துப் போடாம நின்னது அந்தப் பொண்ணுதானாம்."

நான் திரும்பவே இல்லை. கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

சகாயம் அண்ணன் நேரிலேயே வந்தார். வாட்டர் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தார்.

"மேடம், அந்தப் பொண்ணு ஒத்துக்கிருச்சாம்."

"எதை?"

"மேனேஜர், நீதானே சொன்னேன்னு மெரட்டியிருக்கான். 'ஆமா, நாந்தான் சொன்னேன். அதுல எழுதியிருக்கறது அம்புட்டும் நெசம்'னு சொல்லிருச்சாம். கேன்டீன விட்டு நிறுத்திட்டாங்க. போனப் புடுங்கிக்கிட்டாங்க. அதையும் அதோட மகளையும் ஹாஸ்டல் பின்கட்டுல வெச்சிருக்காங்களாம். வெளிய விடமாட்டேங்கறாங்க. விசாரணைக்கு அவங்களே கூட்டிட்டு வருவாங்களாம்."

மகளுக்கு ஆறு வயதாம்.

சொல்லக் கூடாதுதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவளே ஒத்துக்கொண்டாள். இனி யாரும் பதினான்கைத் தோண்ட மாட்டார்கள். அதற்கப்புறம்தான் ஹாஸ்டல் பின்கட்டு ஞாபகம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பஞ்சு மூட்டை அடுக்கியிருப்பார்கள், காற்றே வராது. கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியேதான் இருக்கும்.

மார்ச் 15, சனி

ரேண்டம் இல்லை. பதினான்குக்கு மட்டும் நான்தான் கையால் அந்தப் பெயரை வைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஸ்கூட்டர் சர்வீசுக்கு விட்டேன். வீட்டுக்கார அக்கா முருங்கைக்காய் கொடுத்தார்கள். யாராவது கேட் திறந்தாலே தூக்கிவாரிப் போடுகிறது.

மார்ச் 17, திங்கள்

மில்லின் பதில் வந்திருக்கிறது. தடித்தடியாக நாற்பது பக்கம். அதோடு ஒரு பழைய காகிதத்தின் நகல்.

'பவுனுத்தாய் தனக்கு உடல்நிலை சரியில்லை என்று எங்களிடம் சொல்லவே இல்லை. மருத்துவமனைக்குப் போகக் கேட்கவும் இல்லை. அறை எப்போதும் பூட்டப்பட்டதில்லை. இப்படிக்கு, ஒன்பதாம் நம்பர் அறைப் பெண்கள்.' கீழே நான்கு கையெழுத்து.

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அழகுநாச்சி சொல்றது உண்மைதான். ஆனா நாலு பேரு எழுதிக் கொடுத்திருக்காங்க, ஒருத்தி மாத்திச் சொல்றா. வேலைய விட்டு நிறுத்தின கோவத்துல சொல்றான்னு தள்ளிருவாங்க. கையெழுத்துப் போட்ட நாலு பேர்ல ஒருத்தி வந்து, இது பொய், பயந்து போட்டோம்னு சொன்னாத்தான் இந்தக் காகிதம் செல்லாது."

சகாயம் அண்ணன் சொன்னார்: "ஒண்ணு செத்துப்போச்சு. ரெண்டு அங்கயே சூப்பர்வைசரா இருக்கு, வாயத் தொறக்காது. நாலாவது புள்ள எங்க போச்சுன்னே தெரியல மேடம். சொர்ணத்தாய்ன்னு பேரு. சங்கரன்கோயில் பக்கமெல்லாம் தேடிட்டேன்."

இர்ஃபான் நகலை ஸ்கேனரில் வைத்தான். என் திரையில் அது பெரிதாக வந்தது. நான்காவது கையெழுத்து. 'சொ'வில் கொம்பைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருக்கிறாள். நான் இப்போதும் அப்படித்தான் போடுகிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

லீவு போட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "சொர்ணம், குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். வீட்டில் எனக்கு இன்னும் அந்தப் பெயர்தான். இந்திராணி பள்ளிச் சர்டிபிகேட்டில் இருப்பது. மில்லுக்கு ஆள் பிடிக்க வந்தவன் சர்டிபிகேட் வேண்டாம், அது வயதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லி வீட்டுப் பெயரையே எழுதிக்கொண்டான். அப்போது எனக்குப் பதினைந்து. இந்த வேலைக்கு மனு போட்டபோது மில்லில் கழிந்த மூன்று வருடத்துக்கு 'வீட்டில் இருந்தேன்' என்று எழுதினேன்.

மில் விசாரணை பற்றி மெல்ல எடுத்தேன். அம்மா அலறிவிட்டாள். "வேண்டாந்தாயி. நல்ல எடத்துல ஒக்காந்திருக்க. அந்தப் பேச்சு நமக்கு எதுக்கு? கேட்டா தெரியாதுன்னு சொல்லிரு."

அன்றைக்கும் இதையேதான் சொன்னாள்.

எழுதித்தான் ஆக வேண்டும். பவுனு இரண்டு நாள் வயிற்று வலியில் துடித்தாள். வார்டன் காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார். நாங்கள் ஐந்து பேரும் கதவைத் தட்டினோம். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு நான் நிறுத்திவிட்டேன், அழகுநாச்சி கை வீங்குகிறவரைக்கும் தட்டினாள். மூன்றாம் நாள் விடியும்போது பவுனு என் மடியில் கிடந்தாள். மேனேஜர் காகிதத்தை நீட்டினார். அழகுநாச்சி, "எழுதியிருக்கறது பொய், போடமாட்டேன்" என்றாள். எனக்குப் பேனா கிடைத்ததும் போட்டுவிட்டேன். யாரும் அடிக்கக்கூட இல்லை.

பென்டிரைவ் வந்த அன்றே என் கதையையும் எழுதிச் சேர்த்தேன். கடைசியில் வைத்தால் கண்ணில் படும் என்று நடுவில் பதினான்காக வைத்தேன். முதலில் 'நானும் கையெழுத்துப் போட்டேன்' என்றுதான் எழுதினேன். சத்தியமாக அப்படித்தான் எழுதினேன். வாசிக்க முடியவில்லை. அதனால் அதைத் தேடி 'நான் மட்டும் கையெழுத்துப் போடவில்லை' என்று மாற்றினேன். மாற்றியபிறகு அது என் கதையே இல்லை, அவள் கதை. அதற்கு அவள் பெயரையே வைத்தேன். அப்புறம் பட்டியலில் இருந்து அந்த வரியை அழித்துவிட்டேன்.

வெட்கங்கெட்டவள். பயந்தாங்கொள்ளி.

மார்ச் 19, புதன்

மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே சொன்னேன். உட்கார் என்றார், உட்காரவில்லை. முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒனக்குப் புத்தி இருக்கா? இருபத்தாறு பேரு உசுரைக் கையில புடிச்சிக்கிட்டுப் பேசியிருக்காளுவ. இதுல ஒண்ணு கட்டினதுன்னு தெரிஞ்சா அத்தனையும் குப்பைத் தொட்டிக்குப் போகும். அத யோசிச்சியா நீ?"

யோசிக்கவில்லை. அழுதேன். என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுங்கள் என்றேன்.

"அனுப்புறதப் பத்தி அப்புறம் பாப்போம். வெள்ளிக்கிழமை விசாரணை. மேனேஜர் எதிர்த்தாப்புல ஒக்காந்திருப்பான். பொய்க் கையெழுத்துப் போட்டதுக்கு ஒன் மேலயும் கேஸ் வரலாம், நான் மறைக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. வருவியா?"

தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு."

"வர்றேன் மேடம்."

சகாயம் அண்ணனை அழைத்து, "நீங்க தேடின சொர்ணத்தாய் இங்கதான் இருக்கா" என்றார். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சாப்ட்டியாம்மா?" என்றார். அதற்குத்தான் அதிகமாக அழுதேன்.

மார்ச் 20, வியாழன்

திருத்திய அறிக்கையும் விளக்கக் கடிதமும் இன்று போக வேண்டும். பதினான்காவது ஃபைலைத் திறந்தேன். ஸ்கிரிப்ட் எதற்கு, ஒரே ஒரு ஃபைல். ஆனாலும் கை அதற்குத்தான் பழகியிருக்கிறது.

தேடு: அழகுநாச்சி. மாற்று: சொர்ணத்தாய் என்கிற இந்திராணி. ஆறு இடம் கிடைத்தது.

தேடு: நான் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. மாற்று: நானும் கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒரு இடம்தான்.

அதற்குக் கீழே, 'அழகுநாச்சி மட்டும் போடவில்லை' என்று புதிதாக ஒரு வரி அடித்தேன். இந்த முறை மாற்றியதை ஒழுங்காகச் சேமித்தேனா என்று மூன்று தடவை திறந்து பார்த்தேன். இருந்தது.

இர்ஃபான் போகும்போது என் மேசையில் ஒரு டெய்ரி மில்க் சாக்லேட் வைத்துவிட்டுப் போனான்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் புடவைக்கு மூன்று தடவை பின் குத்தினேன், மூன்று தடவையும் கோணல்.

விசாரணை அறை சின்னது. ஃபேன் கடகடவென்று ஆடுகிறது. மேனேஜருக்கு முடி நரைத்துவிட்டது, ஆனால் அதே மோதிரம், அதே மாதிரி மேசையில் தட்டுகிறார். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பதினைந்து வயதாகிவிட்டது. திரும்பி ஓடிவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். கதவுப்பக்கம் பார்த்தும்விட்டேன்.

எதிர் பெஞ்சில் அழகுநாச்சி. மெலிந்துபோயிருக்கிறாள். மடியில் மகள். பக்கத்தில் மில் ஆள் ஒருத்தன் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிய அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

குழுவின் தலைவியான அம்மா பழைய காகிதத்தை எடுத்து நான்கு பெயரையும் வாசித்தார். "இவங்கள்ல யாராவது வந்திருக்கீங்களா?"

மேனேஜர் தட்டுவதை நிறுத்திவிட்டார். ஜெசிந்தா மேடம் என்னைத் தொடவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

எழுந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் போய் நிற்கச் சொன்னார்கள். அழகுநாச்சியின் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது அங்கேயே நின்றுவிட்டேன்.

மெதுவாகக் கேட்டாள்: "ஏட்டி, பயமா இருக்கா?"

"ஆமா."

"எனக்குந்தான். ஒன்பது வருசமா இருக்கு. போ, சொல்லிட்டு வா."

மகளைத் தூக்கி மறு தொடையில் வைத்துக்கொண்டு, மில் ஆள் பக்கம் நெருங்கி, நான் திரும்பி வந்து உட்கார பெஞ்சில் இடம் ஒதுக்கினாள்.

தட்டச்சு செய்பவர் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "பேரு சொல்லுங்கம்மா."

சொன்னேன். காற்றுத்தான் வந்தது.

"கேக்கல. சத்தமா."

"சொர்ணத்தாய்" என்றேன். "அந்தக் காகிதத்துல நாலாவதா இருக்கறது என் கையெழுத்து. அதுல எழுதியிருக்கறது பொய்."

அவர் அடித்தார். நான் சொன்னபடியேதான் அடிக்கிறாரா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.